ஊசி போட்ட ஊரில் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுக் கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைகளும், நர்சிங் முடித்துக் கிளம்பும் பெண்களும், கப்பல் வேலைக்குப் போகும் இளைஞர்களும் பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடிவந்து, "சின்ன வயசுல போட்ட ஊசிக்கு சர்ட்டிபிகேட் வேணும்" என்று நிற்பது மண்டபம் முதல் தொண்டி வரை வழக்கமாகிவிட்டது. "இங்க இல்லையே" என்று பதில் வருகிறது. வந்தவர் கோபத்தோடு வெளியே போக, யாராவது ஒருவர் புது அட்டையே போட்டுத் தருவதாக ஆசை காட்டுகிறார். "இங்க இல்லை" என்பது பெரும்பாலும் தட்டிக்கழிப்பு அல்ல. அவர் வந்து நிற்பது இப்போது குடியிருக்கும் ஊரின் நிலையத்தில். பதிவு கிடப்பதோ ஊசி போட்ட ஊரில்.

நம் பக்கத்தில் ஒரு பிள்ளையின் பதிவு முழுதும் ஒரே இடத்தில் இருப்பது அபூர்வம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதுதான் காரணம். தங்கச்சிமடத்துப் பெண்ணைப் பெரியபட்டினத்தில் கட்டிக்கொடுத்து, பிரசவம் இராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் நடந்தது என்று வையுங்கள். பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி, பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் மஞ்சள் காமாலை 'பி' ஊசி, முதல் போலியோ சொட்டு மூன்றும் ஆஸ்பத்திரிப் பதிவில். ஆறு, பத்து, பதினான்காவது வார ஊசிகள் தாய் வீட்டு ஊரின் துணை சுகாதார நிலையப் பதிவேட்டில். குழந்தையோடு புகுந்த வீடு வந்தபின் போட்ட ஒன்பதாம் மாத அம்மை ஊசியும் ஒன்றரை வயது ஊசியும் பெரியபட்டினத்தில். பத்து வயது, பதினாறு வயது ஊசிகள் பள்ளிக்கூடத்துக்கே வந்து போட்டவை. ஆக, முதல் வேலை வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து எந்த ஊசி எந்த ஊரில் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வது. பாட்டிகளுக்கு இது நன்றாக ஞாபகம் இருக்கும். அப்பாக்களை நம்ப வேண்டாம்.

இராமநாதபுரம் மாவட்டத் தலைமை மருத்துவமனை 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இருக்கிறது. அதற்கு முன் அங்கே பிறந்தவர்களும் அங்குள்ள மருத்துவப் பதிவேடுகள் பிரிவில்தான் கேட்க வேண்டும். தாயின் டிஸ்சார்ஜ் சீட்டு வீட்டில் இருந்தால் அதில் உள்ள உள்நோயாளி எண் போதும், தேடுவது சுலபம். சீட்டு இல்லையென்றால் பிரசவ தேதி கட்டாயம் வேண்டும்.

துணை சுகாதார நிலையத்தில் தேடும் விதம் வேறு. அங்கே பதிவேடு ஊர்வாரியாகவும் ஆண்டுவாரியாகவும் தாயின் பெயரில் ஓடும். குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே முதல் மூன்று தவணை முடிந்துவிடுவதால் அந்த வரியில் "இன்னாரின் ஆண் குழந்தை" என்றுதான் இருக்கும். இருபது வயதுப் பையன் தன் ஆதாரை நீட்டித் தன் பெயரைச் சொன்னால் நர்சம்மா எத்தனை பக்கம் புரட்டினாலும் கிடைக்காது. சொல்ல வேண்டியவை இவை: அந்த நேரத்தில் தாய் கொடுத்த பெயரும் இனிஷியலும் (கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயரின் முதலெழுத்தா, அப்பா பெயருடையதா என்று இரண்டு விதமாகவும் சொல்லிப் பாருங்கள்), கணவர் பெயர், அன்றைய தெரு அல்லது குடியிருப்பு, குழந்தை பிறந்த தேதி. அண்மைக் காலத்தில் பிறந்த குழந்தை என்றால் 12 இலக்க பிக்மி எண். கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த எண் அது. தாய் சேய் நல அட்டையின் முதல் பக்கத்தில் எழுதியிருப்பார்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் மகப்பேறு உதவித்தொகை வாங்கவும் அதே எண்ணைத்தான் கொடுத்திருப்பீர்கள் என்பதால், அட்டை தொலைந்தாலும் அந்த விண்ணப்பங்களின் நகலில் எண் அகப்படும்.

அட்டையைப் பற்றி இன்னொன்று. அதில் தடுப்பூசி விவரம் எழுதும் ஒரு பகுதி கிழித்தெடுக்கும் துண்டாக இருக்கும். அடிக்கட்டை என்போம். அதைச் செவிலியர் தம்மிடம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாதமும் யாருக்கு ஊசி பாக்கி என்று பார்ப்பார். உங்கள் வீட்டில் கரையான் அரித்த அட்டைக்கு அந்த அடிக்கட்டை ஒரு ஜோடி. பதிவேட்டோடு அதையும் கேளுங்கள்.

எந்த நாளில் போகிறோம் என்பதும் முக்கியம். தமிழ்நாடு முழுக்கப் புதன்கிழமை தடுப்பூசி நாள். பதிவேடு அன்று காலையில் செவிலியரோடு ஊர் ஊராகப் போய்விடும். இருந்தாலும் இருபது குழந்தை அழும் இடத்தில் பழைய பக்கம் புரட்டச் சொல்வது முறையல்ல. செவ்வாயன்று கர்ப்பிணிகள் பரிசோதனை. மற்ற நாளில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போனால் ஒரே நடையில் முடியும். கிராம சுகாதாரச் செவிலியர் மாறியிருந்தாலும் பதிவேடு மாறிப் போகாது. அது நிலையத்தின் சொத்து.

"சர்ட்டிபிகேட்" என்று கேட்பதால்தான் பாதிக் குழப்பம். குழந்தைப் பருவ ஊசிகளுக்கு அப்படித் தனியாக அச்சடித்த சான்றிதழ் பழைய நாளில் கிடையாது, அட்டைதான் சான்று. நீங்கள் கேட்க வேண்டியது பதிவேட்டில் உள்ள விவரத்தின் சான்றொப்பமிட்ட நகல். வட்டார மருத்துவ அலுவலருக்கு அரைப் பக்கத்தில் எழுதினால் போதும். வாசகம் இப்படி இருக்கலாம்:

"இன்ன ஊரைச் சேர்ந்த இன்னாரின் மகன்/மகளாகிய எனக்கு, இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை தங்கள் எல்லைக்குட்பட்ட இன்ன துணை சுகாதார நிலையத்தில் போடப்பட்ட தடுப்பூசிகளின் பெயர், தவணை, போட்ட தேதி ஆகியவற்றைப் பதிவேட்டின்படி எடுத்து, மருத்துவ அலுவலர் கையொப்பம், பெயர், பதவி முத்திரையுடன் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்."

இதோடு உங்கள் ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ் நகல், இருந்தால் பழைய அட்டையின் நகல். விண்ணப்பம் இரண்டு பிரதி. ஒன்றில் பெற்றுக்கொண்ட தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவேட்டில் ஒரு தவணை இல்லையென்றால், "எப்படியும் போட்டிருப்பாங்க, சேர்த்து எழுதுங்க சார்" என்று வற்புறுத்தக் கூடாது. பதிவில் இல்லாததை எழுதினால் கையெழுத்துப் போட்டவர்தான் மாட்டுவார்.

பலர் கேட்பது: "போலியோ சொட்டு எத்தனையோ தடவை போட்டிருக்கேனே, அட்டையில் நாலுதான் இருக்கு?" ஞாயிற்றுக்கிழமை முகாம்களில், பஸ் ஸ்டாண்டில், ராமேசுவரம் ரயில் நிலையத்தில் போட்டதெல்லாம் கூடுதல் தவணை. அதற்குச் சுண்டு விரலில் மை வைப்பதோடு சரி. ஆள்வாரியாக எழுத மாட்டார்கள். அதைத் தேடி அலைய வேண்டாம்.

தனியார் மருத்துவமனையில் போட்டவர்களுக்கு வழி வேறு. 2002ஆம் ஆண்டு மருத்துவக் குழும நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ மருத்துவப் பதிவைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் அதே விதி பதிவைக் கட்டாயமாக வைத்திருக்கச் சொல்வது மூன்று ஆண்டுக்குத்தான், அதுவும் உள்நோயாளிகளுடையதை. ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன குழந்தையின் விவரம் பதினைந்து வருடம் கழித்து மருத்துவரின் கம்ப்யூட்டரில் இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். அங்கே கொடுத்த சிறு புத்தகத்தில் ஒட்டியிருக்கும் மருந்துப் புட்டியின் ஸ்டிக்கரை மட்டும் பிய்த்துவிடாதீர்கள். கம்பெனிப் பெயரும் தொகுதி (பேட்ச்) எண்ணும் அதில்தான் உள்ளன. வெளிநாட்டில் முதலில் பார்ப்பது அதை.

இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கு இந்த அலைச்சல் குறையும். மத்திய அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யூ-வின் 2023ல் சோதனையாகத் தொடங்கி, பிறகு நாடு முழுதும் விரிந்தது. ஒவ்வொரு தவணையும் அதில் ஏறும். கியூஆர் குறியோடு சான்றிதழ் இறக்கிக்கொள்ளலாம். கோளாறு வருவது செல்போன் எண்ணில். கடலுக்குப் போகும் கணவரின் எண், பக்கத்து வீட்டு எண், ஆறு மாதத்தில் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் என்று எதையாவது சொல்லிவிட்டு வந்தால் ஓ.டி.பி. அங்கேதான் போகும். தாயின் கையில் நிரந்தரமாக இருக்கும் எண்ணைக் கொடுங்கள். மாறினால் அடுத்த தவணையன்றே செவிலியரிடம் சொல்லி மாற்றுங்கள். யூ-வின் வருவதற்கு முன் போட்ட ஊசிகளை அதில் தேடிப் பயனில்லை.

கொரோனா ஊசிக்கும் இதே சிக்கல். கோவின் தளத்திலோ டிஜிலாக்கரிலோ இறக்கலாம்; கோவினில் ஊசி போட்ட அன்று கொடுத்த எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. வரும். 2021ல் முகாமில் வரிசையில் நின்றபோது யார் எண்ணைக் கொடுத்தோம் என்று யோசித்துப் பாருங்கள். சங்கத் தலைவரோ, மச்சானோ, மகளிர் குழுத் தலைவியோ, அவர் போனை வாங்கித்தான் உள்ளே நுழைய வேண்டும். சான்றிதழில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளதுபோல் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

அமெரிக்கா போகும் மாணவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அட்டை பத்திரமாக இருப்பவர்களே அங்கே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கேட்பது எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்த ஊசி) இரண்டு தவணை. முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டதுதான் கணக்கு. இரண்டுக்கும் இடையே 28 நாளாவது இருக்க வேண்டும். நம் ஊர் ஒன்பதாம் மாத அம்மை ஊசியை அவர்கள் எண்ண மாட்டார்கள். நம் அரசுத் திட்டத்து எம்.ஆர். ஊசியில் தட்டம்மையும் ரூபெல்லாவும் உண்டு; பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து கிடையாது. ஆக, அட்டை முழுக்க நிரம்பியிருந்தாலும் பொன்னுக்கு வீங்கிக் கட்டம் காலி. 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை எல்லாருக்கும் எம்.ஆர். போட்டார்களே, அந்த முகாமில் பள்ளியில் கொடுத்த சிறு அட்டை இருந்தால் தேடி எடுங்கள். 2005ல் பிறந்த பிள்ளைக்குத் தட்டம்மை, ரூபெல்லா இரண்டிலும் ஒவ்வொரு தவணையை அது காப்பாற்றும்.

மீதிக்கு இரண்டு வழி. எம்.எம்.ஆர். இரண்டு தவணை போட்டுக்கொள்வது, அல்லது ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி பார்ப்பது. ஏற்கெனவே போட்டிருந்து மறுபடி போட்டாலும் கெடுதல் இல்லை. கர்ப்பிணிகள் இந்த ஊசி போடக் கூடாது. காசநோய்ப் பரிசோதனையும் கேட்டிருந்தால் அதற்கான ரத்தத்தை எம்.எம்.ஆர். போடுவதற்கு முன்போ அதே நாளிலோ கொடுத்துவிடுங்கள். ஊசி போட்ட பின் என்றால் நாலு வாரம் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் முடிவை நம்ப முடியாது. கையில் மருந்து செலுத்திப் பார்க்கும் சோதனை பி.சி.ஜி. போட்டவர்களுக்கு வீணாகத் தடிப்பைக் காட்டலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையே மேல். மஞ்சள் காமாலை 'பி'க்கு எதிர்ப்புச் சக்தி மில்லி லிட்டருக்கு 10 மில்லி அலகாவது இருக்க வேண்டும். குழந்தையில் ஊசி போட்டவர்களுக்கு இருபது வயதில் அதற்குக் கீழே இறங்கியிருப்பது சகஜம். ஒரு பூஸ்டர் போட்டு, ஒரு மாதமாவது கழித்து மறுபடி பார்ப்பார்கள். இந்த நாள்களைக் கூட்டிப் பாருங்கள். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே தொடங்காமல் முடியாது.

படிவத்தில் தேதி எழுதும்போது மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். நாம் 05-08-2006 என்று ஆகஸ்டு ஐந்தை எழுதினால் அவர்கள் மே எட்டு என்று படிப்பார்கள். ஜூனில் பிறந்த பிள்ளை என்றால் பிறந்த தேதிக்கு முன்பே ஊசி போட்டதாக ஆகி விண்ணப்பம் திரும்பி வரும்.

பதிவு எங்குமே கிடைக்காதவர்கள், பெரும்பாலும் பலமுறை ஊர் மாறியவர்கள், மனம் உடைய வேண்டாம். பதிவு இல்லை என்றால் போடவில்லை என்று வைத்து, வயதுக்கு ஏற்ற அட்டவணைப்படி மருத்துவர் மறுபடி போடுவார். புதிய சான்றும் அன்றே கையில் கிடைக்கும். இடது தோளில் பி.சி.ஜி. தழும்பு இருந்தால் மருத்துவர் அதைக் குறிப்பிட்டு எழுதலாம். தழும்பு இல்லாததால் போடவில்லை என்று ஆகாது. அதற்காக மறுபடி பி.சி.ஜி. போடுவதும் இல்லை.

போலி அட்டைக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே பேனா, ஒரே கையெழுத்து, பதினைந்து வருட ஊசிக்கும் ஒரே மை. தேதிகளை நாள்காட்டியில் பார்த்தால் சில ஞாயிற்றுக்கிழமையில் விழும். அதைவிடப் பெரிய கோளாறு மருந்தின் பெயரில். 2005ல் பிறந்த பிள்ளைக்கு அரசு நிலைய முத்திரையோடு ஆறாவது வாரத்தில் 'பென்டா' (ஐந்து நோய்க்கான ஒரே ஊசி) என்று எழுதிவிடுகிறார்கள். தமிழ்நாட்டு அரசுத் திட்டத்தில் பென்டாவேலன்ட் வந்ததே 2011 டிசம்பரில். அதற்கு முன் முத்தடுப்பு ஊசிதான். இணையத்தில் இன்றைய அட்டவணையைப் பார்த்து நகலெடுப்பவருக்கு இது தெரியாது. சரிபார்க்கும் மருத்துவருக்குத் தெரியும்.

கப்பலுக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போகிறவர்களின் மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குச் சர்வதேசச் சான்றுப் புத்தகம் தருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது கிடைக்காது. நமக்குக் கிட்டத்தில் தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகம். சென்னையில் கிண்டி கிங் நிலையம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். 2016 ஜூலை 11 முதல் அது ஆயுள் முழுதுக்கும் செல்லுபடி. பழைய புத்தகத்தில் பத்து ஆண்டு என்று அச்சடித்திருந்தாலும் சரி. தொலைந்தால் போட்ட மையத்தில்தான் மறுநகல் கேட்க வேண்டும் என்பதால், தொகுதி எண் தெரியும்படி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். புத்தகத்தில் பாஸ்போர்ட் எண் இருக்கும். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் பழையதை எறியாமல் சேர்த்தே எடுத்துப் போங்கள்.

ஹஜ், உம்ரா செல்லும் கீழக்கரை, தேவிபட்டினம் பக்கத்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் ஊசிச் சான்று வேண்டும். போய்ச் சேருவதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். அந்த ஊசியில் இரண்டு வகை உண்டு. ஒன்று மூன்று ஆண்டு செல்லும், கான்ஜுகேட் என்பது ஐந்து ஆண்டு. சான்றில் வகையை எழுதாமல் விட்டால் மூன்று ஆண்டு என்றே கணக்கு. எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு அரசு நிலையத்தில் பதிலே வரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. மாவட்ட சுகாதார அலுவலர் (துணை இயக்குநர் என்று நாம் பழகிய பதவி) அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எழுதலாம். நம் மாவட்டத்தில் இராமநாதபுரம், பரமக்குடி என்று இரண்டு சுகாதார மாவட்டங்கள் உள்ளன. ஊர் எதில் வருகிறது என்று பார்த்து அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தன் சொந்தப் பதிவைத்தான் கேட்கிறோம் என்பதற்கு அடையாளச் சான்றை வைக்க மறக்கக் கூடாது. ஆனால் எடுத்தவுடன் இந்த வழியில் இறங்குவது வீண் வீம்பு. செவிலியரை ஒருமுறை நேரில் பார்த்தால் அரை மணியில் முடிகிற காரியம் தபாலில் ஒரு மாதம் இழுக்கும்.

வீட்டில் அட்டை இருப்பவர்களுக்கு: லேமினேஷன் செய்யாதீர்கள். பதினாறு வயது ஊசி வரை அதில் எழுத வேண்டியிருக்கிறது. நம் கடற்கரை ஈரத்தில் ஜெல் பேனா எழுத்து பரவிவிடும், பால்பாயின்ட் நிற்கும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள். ஒவ்வொரு ஊசியும் போட்ட அன்றே இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள். துணை சுகாதார நிலையச் சுவரில் தடுப்பூசி அட்டவணையை எழுதுகிற இடத்துக்குக் கீழேயே, பழைய பதிவின் நகல் எந்த நாளில், எந்த நேரத்தில், என்ன கொண்டுவந்தால் கிடைக்கும் என்று இரண்டு வரி எழுதினால் பாதிக் கூட்டம் குறையும். பெயர் சூட்டிய பிறகு பதிவேட்டில் "இன்னாரின் பெண் குழந்தை" என்ற வரிக்குப் பக்கத்தில் அந்தப் பெயரையும் ஏற்றிவிட்டால் இருபது வருடம் கழித்துத் தேடுகிறவருக்குப் பெரிய உதவி. அதுவரை தாய்மார்களே அடுத்த புதன்கிழமை அட்டையை நீட்டி, "பாப்பாவுக்குப் பேர் வச்சாச்சு சிஸ்டர், உங்க நோட்டுலயும் எழுதிருங்க" என்று கேட்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமுதாய சுகாதாரச் செவிலியர்,
உச்சிப்புளி, இராமநாதபுரம் மாவட்டம்.